முன்னணையும் பந்தியும்

மார்கழி மாதத்தில் சேரன்மகாதேவிக்கு, ஊரார் வாய்வழக்கில் சேர்மாதேவிக்கு, பல பக்தி ஓசைகள் ஒருங்கே வந்து சேர்ந்துவிடுகின்றன. வடகிழக்குப் பருவமழையை வாங்கிக்கொண்ட தாமிரபரணி கரைகளைத் தொட்டு ஓட, கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் பிசான நெல் பச்சை கட்டி நிற்க, விடியற்காலை இருட்டில் பெருமாள் கோயில் திசையிலிருந்து திருப்பாவை காற்றில் மிதந்து வர, வியதீபாதத் தீர்த்தமாடுவதற்கென்று வெளியூர் ஜனங்கள் ஆற்றுத்துறையில் வந்து இறங்க, அதே வாரங்களில் இவ்வூரிலும் சுற்றுக் கிராமங்களிலும் உள்ள கிறிஸ்தவர் வீட்டு முகப்புகளில் காகித நட்சத்திரங்கள் ஏறுகின்றன. கேரல் பாடுகிறவர்கள் தபேலாவும் ஆர்மோனியமுமாகத் தெருத்தெருவாய் வருகிறார்கள். அடுப்பங்கரைகளில் முறுக்கும் அதிரசமும் முந்திரிக்கொத்தும் தயாராகின்றன. இவ்வளவும் சந்தோஷத்தின் அடையாளங்களே. சந்தோஷத்தைக் குற்றமென்று சொல்ல நான் எழுதவில்லை. பண்டிகையில் முகத்தைச் சுளித்துக்கொண்டு நிற்பதையே பக்தியென்று நினைக்கும் சிலரோடு எனக்கு என்றும் ஒத்துப்போனதில்லை. ஆயினும், ஒரு குழந்தை பிறந்தது என்ற செய்தியைக் கேட்டவர்கள் அதற்குச் சொல்லக் கடமைப்பட்ட மறுமொழி நட்சத்திரத்தோடும் பலகாரத்தோடும் தீர்ந்துவிடுமா என்ற கேள்வி, இந்த நாட்டுக் கிறிஸ்தவருக்கு, அதிலும் திருநெல்வேலிக் கிறிஸ்தவருக்கு, தட்டிக்கழிக்க முடியாத கேள்வியாக இருந்து வந்திருக்கிறது.

சுவிசேஷகர் நால்வருள் மத்தேயு, லூக்கா என்னும் இருவரே இயேசுவின் பிறப்பை விரித்துரைக்கின்றனர். அவ்விருவரும் பிறப்பைச் சொல்லுவதைக் காட்டிலும், பிறப்பைக் கேள்விப்பட்டவர்கள் என்ன செய்தார்கள் என்று சொல்லுவதிலேயே அதிக சிரத்தை காட்டுகிறார்கள். வயல்வெளியில் இராக்காவல் காத்திருந்த மேய்ப்பர்கள் கேட்டவுடனே எழுந்து போனார்கள், கண்டார்கள், கண்டதை ஊராருக்குச் சொன்னார்கள், பிறகு தங்கள் மந்தைக்கே திரும்பினார்கள். தாயோ எதையும் வெளியிற் சொல்லாமல் எல்லாவற்றையும் தன் உள்ளத்திலே வைத்துச் சிந்தித்துக்கொண்டிருந்தாள். கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகள் நெடுந்தூரம் நடந்து காணிக்கை வைத்தார்கள். ஏரோது நடுங்கினான், நடுங்கியவன் வாளை எடுத்தான். இவர்கள் யாவரையும் நாம் அறிவோம். கிறிஸ்துமஸ் நாடகத்தில் இவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு வேஷம் உண்டு. வேஷம் கட்ட எவரும் முன்வராத ஒரு கூட்டமும் அக்கதையில் இருக்கிறது. மேசியா எங்கே பிறப்பார் என்று ஏரோது கேட்டபோது, எருசலேமின் பிரதான ஆசாரியரும் வேதபாரகரும் ஏடுகளைப் புரட்டவும் அவசியமின்றி, யூதேயாவிலுள்ள பெத்லகேமிலே என்று விடை கூறினர். விடையில் பிழையில்லை, பிரமாணமும் சரியானதே. ஆனால் அவர்களில் ஒருவரும் புறப்பட்டுப் போகவில்லை. எருசலேமிலிருந்து பெத்லகேம் ஏறத்தாழ ஒன்பது கிலோமீட்டர். சேர்மாதேவிக்காரன் ஒருவன் வீரவநல்லூருக்கு நடந்து போகிற தூரம் என்று வைத்துக்கொள்ளலாம். பாஷை தெரியாத அந்நியர்கள் பாலைவனங்களைக் கடந்து வந்து வழி கேட்க, வழி தெரிந்தவர்கள் வழியைக் காட்டிவிட்டு இருந்த இடத்திலேயே இருந்துவிட்டார்கள். இந்தக் கல்விமான்களை மத்தேயு கண்டிக்கவில்லை. அவர்களைப் பற்றி மேற்கொண்டு ஒரு வார்த்தையும் சொல்லாமல் அவர் கதையை நடத்திச் சென்றுவிடுவது, கண்டனத்தைக் காட்டிலும் கடுமையாக எனக்குப் படுகிறது.

மேய்ப்பர்களுக்குக் கொடுக்கப்பட்ட அடையாளத்தையும் சற்று ஊன்றிக் கவனிக்க வேண்டும். துணியில் சுற்றி, முன்னணையிலே கிடத்தப்பட்ட பிள்ளையைக் காண்பீர்கள் என்பதே அது. பிள்ளை அரண்மனைத் தொட்டிலில் கிடந்திருக்குமாயின், செய்தி மேய்ப்பர்களுக்கு வந்திருந்தாலும் வாசற்காவலனைத் தாண்டி அவர்கள் உள்ளே போயிருக்க முடியாது. ஆலயத்தின் உட்பிராகாரத்தில் கிடந்திருக்குமாயின், ஆசாரம் அவர்களைத் தடுத்து நிறுத்தியிருக்கும். மாட்டுக்குத் தீனி வைக்கும் இடத்துக்கோ அவர்கள் எவரிடமும் உத்தரவு கேட்க வேண்டியதில்லை. அது அவர்களுக்குப் பழகிய இடம். எல்லா ஜனங்களுக்கும் உரிய செய்தி என்று சொல்லிவிட்டு, அதை எல்லா ஜனங்களும் நுழையக்கூடிய இடத்திலேயே வைத்தது, அச்செய்தியின் உண்மைக்கு முதற்சாட்சி. இனி, எல்லோருக்கும் என்ற அந்தச் சொல்லை நாம் மெய்யாகவே ஏற்றுக்கொண்டோமா என்பதைச் சோதிக்கிற இடம் பாட்டாக இருக்க முடியாது, ஏனெனில் பாடும்போது எல்லோரும் சேர்ந்தே பாடிவிடுகிறோம். பாட்டு முடிந்து இலை போடும் வேளையில்தான் யார் யாரோடு உட்காருகிறார் என்பது வெளிப்படுகிறது.

இலை போடும் இடத்தில் ஒரு தேசமே தடுமாறிய வரலாறு இந்தச் சேர்மாதேவிக்கே சொந்தமானது. வ. வே. சு. ஐயர், லண்டனிலும் புதுச்சேரியிலும் விடுதலைக்காகத் தம்மைப் பணயம் வைத்தவர், திருக்குறளை 1916-இல் ஆங்கிலத்தில் தந்தவர், கம்பனிடம் ஆழங்காற்பட்டவர், 1922-ஐ ஒட்டித் தொடங்கிய தமிழ்க் குருகுலத்தை இவ்வூரில் நடத்திவந்தார். புராதன ஆசிரமங்களின் முறையில் புதிய தேசபக்தர்களை உருவாக்குவது நோக்கம். காங்கிரஸ் கமிட்டியும் பொருளுதவி செய்தது. அங்கே இரண்டு பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியே உணவு பரிமாறப்படுகிறது என்ற செய்தி வெளிவந்தவுடன், வரதராஜுலு நாயுடுவும் ஈ. வெ. ராமசாமியும் எழுப்பிய எதிர்ப்பு தமிழ்நாட்டு அரசியலின் போக்கையே மாற்றிவிட்டது. ஐயர் தம் வரையில் சாதி ஆசாரம் பாராட்டியவரல்லர்; அந்தப் பிள்ளைகளின் பெற்றோருக்குக் கொடுத்த வாக்கை மீறுவதெப்படி என்பதே அவருடைய சங்கடம். இருக்கிற இருவர் வேண்டுமானால் தனித்து உண்ணட்டும், இனிமேல் சேருவோர் அனைவரும் ஒரே பந்தியில் உண்ண வேண்டும் என்று காந்தியடிகள் ஒரு சமரசம் சொன்னார். அது எவரையும் திருப்தி செய்யவில்லை. 1925 ஜூன் மாதத்தில் பாபநாசத்து அருவியில் மகளைக் காப்பாற்றப் போன ஐயர் தாமும் நீரோடு போனார். குறளை உலகுக்கு எடுத்துச் சொன்ன மனிதருக்கு இரண்டு இலைகளைப் பந்தியில் கொண்டுவந்து சேர்க்க முடியாமற்போயிற்று என்பதை நினைக்கும்போது, அவர்மேல் கோபத்தைவிட இரக்கமே மிஞ்சுகிறது. நல்ல மனிதர்களும், கற்ற மனிதர்களும், தியாகிகளும் சறுக்கி விழுகிற இடம் எதுவென்பதைச் சேர்மாதேவி ஒருமுறை காட்டிக்கொடுத்தது.

இந்தக் கதையைக் கேட்டு, அது அவர்கள் வீட்டு விவகாரம் என்று கிறிஸ்தவர் யாரேனும் பெருமூச்சு விடுவாராயின், அவருக்கு வேதநாயக சாஸ்திரியாரை நினைவூட்ட வேண்டும். 1774-இல் திருநெல்வேலியில் பிறந்து, சிறுவயதிலேயே மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயரால் தஞ்சைக்கு அழைத்துச் செல்லப்பட்டு, பின்னாளில் மன்னரான சரபோஜியோடு கல்வி பயின்று, தமிழ்க் கிறிஸ்தவ இசைக்குத் தந்தையென்று போற்றப்படுகிறவர் அவர். பெத்லகேமையே பாட்டுடைப் பொருளாக்கி, நம் குறவஞ்சி மரபில் குறத்தியை வரவழைத்து, 1800-இல் அவர் இயற்றிய பெத்லகேம் குறவஞ்சி, அந்தப் பிறப்புச் செய்திக்குத் தமிழ் சொன்ன மறுமொழிகளுள் மிக அழகியவற்றில் ஒன்று. அப்படிப்பட்டவர், தஞ்சைச் சபையில் எல்லாச் சாதியாரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரே பாத்திரத்தில் இராப்போஜனம் பெற வேண்டும் என்று புதிய மிஷனெரிமார் வற்புறுத்தியபோது, அதை அக்கிரமம் என்று எதிர்த்தார். 1829-இல் சாதி திருத்தும் முயற்சியைப் பைத்தியம் என்று கூறும் நூலொன்றும் எழுதினார். நியாயமாகப் பேசுவதானால், அவருடைய முறையீட்டில் வேறு குறைகளும் இருந்தன. பண்டிகைகளில் மலரை விலக்கினார்கள், தமிழ்க் கீர்த்தனங்களை ஆலயத்திலிருந்து ஓட்டினார்கள், பழகிய வேத மொழிபெயர்ப்பைத் தள்ளினார்கள் என்று அவர் வருந்தியதில், அந்நியரின் அதிகாரத்தை நோக்கி ஒரு தமிழ்ப் புலவர் எழுப்பிய நியாயமான குரலும் கலந்திருக்கிறது. மலரைப் பற்றியும் கீர்த்தனத்தைப் பற்றியும் அவர் சொன்னதே சரி என்று பிற்காலம் ஒப்புக்கொண்டுவிட்டது. பந்தியைப் பற்றி அவர் சொன்னதை மட்டும் எக்காலமும் ஒப்புக்கொள்ள இயலாது. குறத்தியைப் பாட்டில் பெத்லகேம் வரைக்கும் அழைத்து வந்தவரால், அவளைப் போன்றவளைத் தம் பக்கத்தில் உட்காரவைக்க முடியவில்லை.

அவரைத் தனித்து நிறுத்திக் குற்றம் சாட்டுவது எளிது; ஆனால் அவர் ஒரு பெருங்கூட்டத்தின் வாயாக இருந்தார். பாளையங்கோட்டைக்கு 1820-இல் வந்த மிஷனெரி ரேனியுஸ் ஐயர், தம்மிடம் பயிலுகிறவர்கள் சாதி பாராமல் சேர்ந்து உண்ண வேண்டும் என்று கண்டித்துச் சொன்னபோது எதிர்ப்புக்கு ஆளானார். கல்கத்தா அத்தியட்சர் தானியேல் வில்சன் 1833-இல் சபைகளுக்குள் சாதியை உடனே முற்றிலும் கைவிட வேண்டும் என்று நிருபம் எழுதியபோது, தஞ்சைப் பக்கத்தில் அநேகர் சபையை விட்டே விலகிப்போனார்கள். கத்தோலிக்கரும் இதில் பின்வாங்கினவர்கள் அல்லர். இதே திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியிலுள்ள வடக்கன்குளத்தில், வேளாளர் ஒரு புறமும் நாடார் ஒரு புறமுமாக ஒருவரையொருவர் பாராமலே பூசை காண்பதற்கென்று, பீடத்தில் வந்து சேரும் இரண்டு தனிக்கூடங்களாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு கோயிலையே கட்டினார்கள். அதன் வடிவத்தைப் பார்த்து ஜனங்கள் அதைக் கால்சட்டைக் கோயில் என்று அழைத்தார்கள். பாமரரின் பரிகாசம் சில சமயங்களில் பண்டிதரின் கண்டனத்தைவிடக் கூர்மையாக இருக்கும். 1910-இல் அந்தத் தடுப்பு இடிக்கப்பட்டது. இடித்தது தவறென்று வழக்குப் போட்டு, அதைச் சென்னை உயர்நீதிமன்றம் வரைக்கும் கொண்டுபோனார்கள், தோற்றார்கள். இரண்டு கூடங்களிலும் ஒரே நாளில் ஒரே குழந்தையின் பிறப்பைத்தான் கொண்டாடிவந்தார்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

வேறு விதமான மறுமொழிகளும் இந்த மண்ணிலேயே கிடைத்தன. தஞ்சையிலிருந்து வந்து பாளையங்கோட்டையில் வாழ்ந்த பிராமண விதவையான கிளாரிந்தாள் 1778-இல் ஞானஸ்நானம் பெற்றபின், 1780-இல் எழுதப்பட்ட அந்தச் சபையின் முதற் பதிவேட்டில் 40 பேருடைய பெயர்கள் இருக்கின்றன. ஒரு சாதிக்குரிய பட்டியலன்று அது. அதற்கு முன்பே, 1745-இல் அதே வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்ற திருவிதாங்கூர் அரண்மனை உத்தியோகஸ்தரான தேவசகாயம் பிள்ளை, தம் சாதியின் மேட்டிலிருந்து இறங்கி எல்லோரோடும் சமமாகப் பழகியதற்கும், கொண்ட விசுவாசத்துக்கும் விலையாக, 1752-இல் ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் உயிரைக் கொடுத்தார். 2022-இல் அவரைப் புனிதராக உயர்த்தியபோது நடந்த ஆரவாரம் பெரிது. ஆரவாரித்தவர்களில் எத்தனை பேர் தங்கள் பிள்ளைகளுக்குச் சாதி பாராமல் சம்பந்தம் பேசியிருப்பார்கள் என்பதை மட்டும் நான் கேளாமல் விட்டுவிடுகிறேன்.

வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த அசரியாவின் விஷயம் இன்னும் நேராக நம் பொருளைத் தொடுகிறது. 1903-இல் திருநெல்வேலி இந்திய மிஷனெரிச் சங்கம் தோன்றுவதற்குக் காரணராயிருந்தவர்களுள் அவர் ஒருவர். 1905 டிசம்பர் 25-ஆம் தேதி, கிறிஸ்துமஸ் நாளன்று, வங்காளத்துச் சீராம்பூரில் கூடித் தேசிய மிஷனெரிச் சங்கத்தை நிறுவியவர்களுள்ளும் ஒருவர். ஊரில் பிரியாணி வேகும் நாளில் அந்த மனிதர்கள் வீட்டை விட்டு வெகுதூரத்தில் உட்கார்ந்து, இச்செய்தியை இன்னும் கேளாதவர்களுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள். 1912-இல் தோர்ணக்கல்லின் அத்தியட்சரான அசரியா, மாலா சாதியாரும் மாதிகா சாதியாரும் ஒருவரோடொருவர் கலவாதிருந்த தெலுங்கு நாட்டில் அவர்களை ஒரே சபையாக்கப் பாடுபட்டார். தாம் எழுப்பிய பேராலயத்துக்குக் கீழ்த்திசைச் சாஸ்திரிகள் பிள்ளையைப் பணிந்த திருநாளின் பெயரையே, எபிபனி என்றே, சூட்டினார். மேய்ப்பர்களைப் போல எழுந்து போனவர்கள் என்று சொல்லத்தக்க கூட்டத்தைத் தேடினால், இவரையும் இவரோடு போன திருநெல்வேலிக்காரர்களையும் விட்டுவிட முடியாது.

இவர்கள் பெரியவர்கள். பெரியவர்களை வைத்து ஜனங்களை அளப்பது நியாயமன்று. ஆகையால் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துச் சபைகளில் சாதாரண ஜனங்கள் தாமே காப்பாற்றிவரும் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். அதற்கு அசனம் என்று பெயர். கிறிஸ்துமஸுக்கே உரியதென்று அதைச் சொல்ல இயலாது. பெரும்பாலும் ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகையை ஒட்டியே அது வரும். வீட்டுக்கு வீடு அரிசியும் பணமும் சேர்ப்பார்கள். கொடுக்க இயலாதவர் விறகு பிளப்பார், காய்கறி நறுக்குவார். முந்தின இரவே கோயில் வளாகத்தில் அடுப்பு வெட்டி, அண்டாக்களை ஏற்றி, பெண்களுக்கு அன்று ஓய்வென்பதுபோல ஆண்களே கண்விழித்துச் சமைப்பார்கள். சென்னையிலும் பம்பாயிலும் உத்தியோகம் பார்க்கிறவர்கள் பெட்டியோடு வந்து இறங்குவார்கள். ஐயரவர்கள் ஜெபித்து முடித்தவுடன் வரிசை வரிசையாகத் தரையில் உட்கார, இன்னார் தலைப்பந்தி என்ற முறையின்றி இலை விழும். எஞ்சினியரும் பீடி சுற்றுகிறவரும் தொடையோடு தொடை உரச உட்கார்ந்து, ஒரே வாளியிலிருந்து விழுகிற குழம்பை ஒரே அவசரத்தோடு பிசைவதைப் பார்த்தால், தேவதூதன் சொன்ன செய்தியின் சாரம் எந்தப் பிரசங்கத்திலும் விளங்காத அளவுக்கு அங்கே விளங்கிவிடுகிறது. பக்கத்து ஊர் இந்துக்களும் வருவார்கள். வராதவர் வீட்டுக்குத் தூக்குவாளியில் போகும். பிரசங்கத்துக்கு வராதவர்களும் அசனத்துக்கு வருகிறார்கள் என்று முணுமுணுக்கும் பக்தர்கள் உண்டு. அவர்களுக்குச் சொல்லக்கூடியது, வந்தவர்கள் வந்தது சரியான இடத்துக்குத்தான் என்பதே.

இருந்தாலும், நம்மை நாமே மெச்சிக்கொள்ளுமுன் ஒரு விஷயத்தை மறைக்காமல் பேசிவிட வேண்டும். நம் பக்கத்துக் கிறிஸ்தவக் கிராமங்களில் பல, ஒரே சாதியார் கூட்டமாக மதம் மாறி உண்டாக்கிய குடியிருப்புகள். தாய்மாமனும் மைத்துனனும் பங்காளியுமாக ஊர் முழுவதும் ஒரே உறவு. அந்த ஊர் அசனத்தில் எல்லோரும் ஒன்றாக உட்காருவது, பணக்காரனையும் ஏழையையும் இணைக்கிற அளவில் பெரிய காரியமே. ஆயினும் கல்யாணப் பந்தியில் உட்காராத எவரும் அதில் புதிதாக உட்காரவில்லை. ஊர் ஓரத்தில் வேறொரு தெரு இருக்கிறதே, அந்தத் தெருவிலும் சபை இருக்கிறதே, அவர்கள் ஏன் தங்கள் அசனத்தைத் தனியே வைக்கிறார்கள், இவர்கள் ஏன் அங்கே போய் உட்காருவதில்லை என்று கேட்டால், தூரம் அதிகம் என்பார்கள். எருசலேமின் வேதபாரகரும் அப்படியே நினைத்திருக்கக்கூடும்.

இத்தனையும் கேட்ட ஒரு சைவ நண்பர், விருந்தினராய்க் கடவுள் வருவது உங்களுக்குத்தான் செய்தி, எங்களுக்குப் பழைய கதை என்று சொல்லுவாராயின், அவருடைய வாதத்துக்குச் சேர்மாதேவியே ஆதாரம் தரும். இவ்வூர் அம்மைநாதர் கோயிலைப் பற்றி வழங்கும் கதையில், நெல் குத்தி வயிறு வளர்த்த இரண்டு சகோதரிகள், நாள்தோறும் ஓர் அடியாருக்கேனும் அன்னமிட்ட பிறகே தாங்கள் உண்பது என்ற விரதம் பூண்டு, கூலியில் மிச்சம் பிடித்ததைக் கோயிற்பணிக்கென்று சேர்த்து வைக்க, சிவபெருமானே பசித்த அடியாராக அவர்கள் குடிசைக்கு வந்து உண்டார் என்பார்கள். உலக்கை பிடித்த பெண்களின் உருவத்தைக் கோயில் தூணிலும் காட்டுவார்கள். ராஜாக்களின் தானத்தைக் கல்லில் வெட்டிய நாட்டில், கூலிக்காரிகள் இருவரின் சோற்றையும் கல்லில் வெட்டினார்கள் என்பது இவ்வூருக்குப் பெருமை. இக்கதையைக் கேட்டு அசூயைப்படும் கிறிஸ்தவன் தன் சுவிசேஷத்தைச் சரியாகப் படிக்காதவன். பாளையங்கோட்டையில் பிறந்த அத்தியட்சர் ஏ. ஜே. அப்பாசாமி, கிறிஸ்தவத்தைப் பக்திமார்க்கமாகவே விளக்கப் புகுந்ததும், வெங்கல் சக்கரை செட்டியார் இயேசுவை அவதாரம் என்ற சொல்லால் பேசியதும், இந்த மண்ணின் ஞாபகத்தோடு தங்கள் செய்திக்கு ஓர் உறவைத் தேடியே.

ஆனாலும் இரண்டு கதைகளும் முற்றிலும் ஒன்றல்ல. சேர்மாதேவிக் கதையில் கடவுள் வந்தபோது கதவு திறந்திருந்தது, அடுப்பில் சோறு இருந்தது. வந்தவர் உண்டார், தம்மை வெளிப்படுத்தினார், ஆட்கொண்டார். பெத்லகேமில் சத்திரத்தில் இடமில்லை. வந்தவர் தம்மை வெளிப்படுத்தும் சக்தியற்ற பச்சைக் குழந்தையாகவே கிடந்தார், பாலுக்கு அழுதார், பிழைப்பதற்கு எகிப்துக்கு ஓட வேண்டியிருந்தது. கிறிஸ்தவன் தன் விருந்தோம்பலின் பெருமையைச் சொல்லிக்கொள்ள அந்தக் கதையில் இடமே இல்லை. அவன் சொல்லுகிற மறுமொழி எதுவாயினும், அது கதவடைத்த ஓர் ஊரின் பிள்ளை பிறகு சொல்லுகிற மறுமொழியாகவே இருக்க முடியும். நெல் குத்திய அந்தச் சகோதரிகளிடம் அவன் கற்றுக்கொள்ள வேண்டியது அதிகம். அவர்களுக்குக் கற்பிக்க அவனிடம் இருப்பது அதைவிடக் குறைவு என்றே நான் நினைக்கிறேன்.

பந்தியில் தடுக்கி விழுவது சேர்மாதேவியிலோ தஞ்சையிலோ தொடங்கியதும் அன்று. சபையின் முதல் தலைமுறையிலேயே, சிரியாவின் அந்தியோகியாப் பட்டணத்தில், யூதரல்லாத விசுவாசிகளோடு ஒரே பந்தியில் உண்டுவந்த பேதுரு, எருசலேமிலிருந்து சிலர் வந்தவுடன் பயந்து மெல்ல எழுந்து விலகிக்கொண்டார். மற்ற யூதரும் அவரைப் பின்பற்றினார்கள். பர்னபா போன்ற நல்லவரும் இழுப்புண்டார். அப்போஸ்தலருள் தலையானவர், இயேசுவோடு மூன்று ஆண்டுகள் உண்டு உறங்கியவர், எல்லா ஜனங்களுக்கும் என்ற சொல்லைத் தாமே ஊர் ஊராய்ப் பிரசங்கித்தவர், ஆள் வந்தவுடன் இலையை விட்டு எழுந்தார். பவுல் எல்லோர் முன்னிலையிலும் அவர் முகத்துக்கு நேரே எதிர்த்துக் கேட்டார். கேட்டதைக் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் விவரமாக எழுதியும் வைத்தார். பேதுரு அதற்கு என்ன மறுமொழி சொன்னார் என்பதையோ, அடுத்த வேளைச் சாப்பாட்டுக்கு எந்தப் பந்தியில் உட்கார்ந்தார் என்பதையோ அந்த நிருபத்தில் பவுல் எழுதவில்லை.